டி வலேரா சொல்லாத நடனம்

சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் நான் அயர்லாந்தைப் பற்றிப் பேசினேன். பேச்சின் நடுவே, அந்நாட்டின் பிரதமராக இருந்த ஏமன் டி வலேரா 1943-ல் வானொலியில் ஆற்றிய உரையில், கன்னிப் பெண்கள் நாற்சந்திகளில் நடனமாடும் ஒரு தேசத்தைக் கனவு கண்டார் என்று சொன்னேன். பலரும் தலையாட்டினார்கள். அதிகம் பேசாத நண்பர் ஒருவர் மட்டும், “அது உரையில் எந்த இடத்தில் வருகிறது?” என்று கேட்டார். எங்கோ படித்தது என்று சமாளித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உரையைத் தேடிப் படித்தேன். 1943 மார்ச் 17, பாட்ரிக் திருநாள். கேலிக் லீக் தொடங்கி ஐம்பது வருஷமானதை ஒட்டிய உரை. பொருளை அளவோடு மதித்து, எளிய வசதியில் நிறைவு காணும் மக்கள் அதில் வருகிறார்கள். கதகதப்பான வீடுகள், வயலிலும் கிராமத்திலும் உழைப்பின் ஓசை, குழந்தைகளின் துள்ளல், இளைஞர்களின் பந்தயங்கள், இளம் பெண்களின் சிரிப்பு, கணப்படுப்பைச் சுற்றி முதியோரின் விவேகம் எல்லாம் இருக்கின்றன. நடனம் இல்லை. நாற்சந்தியும் இல்லை.

என் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்று பிறகு தெரிந்தது. அயர்லாந்திலேயே, டி வலேராவைக் கேலி செய்கிறவர்களும் அவருடைய காலத்துக்கு ஏங்குகிறவர்களும் இதே நடனத்தை அவர் வாயில் வைத்துப் பல வருஷங்களாகப் பேசி வருகிறார்கள். அது ஆறுதல் தரவில்லை. அந்த உரைக்கு எட்டு வருஷங்களுக்கு முன், அவருடைய அரசாங்கமே நடனத்தின் மீது ஒரு சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தப் படத்தை நம்பினேன். ஒரு மூதாதையர் கிராமம், அதில் ஒரு பண்டிகை, அதில் கள்ளமற்ற ஒரு ஆட்டம்: இப்படி ஒன்று எங்காவது இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை, தகவலை விடப் பலமாக இருந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த நண்பருக்கு நான் தர வேண்டியிருந்த பதில்.

அயர்லாந்துக் கிராமத்தின் பழைய வருஷம் நவம்பரில் தொடங்குகிறது என்று சொல்லலாம். அக்டோபர் 31 இரவு, சௌவின். மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பிவிட்டன. உருளைக்கிழங்கு உள்ளே வந்துவிட்டது. செத்தவர்கள் அன்றிரவு வீட்டுக்கு வருவார்கள் என்பதால் கணப்பை அணைக்காமல், முன்னால் நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். பார்ம்பிராக் என்ற உலர்திராட்சை ரொட்டிக்குள் ஒரு மோதிரமும் ஒரு கந்தல் துணியும் வைத்துச் சுடுவார்கள். மோதிரம் வந்தவருக்கு அந்த வருஷம் கல்யாணம். கந்தல் வந்தவருக்கு வறுமை. உத்தரத்திலிருந்து சிலுவைபோல் இரு குச்சிகளைத் தொங்கவிட்டு, முனைகளில் ஆப்பிளும் எரியும் மெழுகுவர்த்தியும் மாற்றி மாற்றிச் செருகிச் சுழற்றுவார்கள். கையைப் பயன்படுத்தாமல் வாயால் ஆப்பிளைக் கவ்வ வேண்டும்; தவறினால் சுடர் கன்னத்தைத் தீய்க்கும். டேனியல் மக்லீஸ் இந்த விளையாட்டை ஓவியமாக வரைந்து 1833-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். வெளியே வாலிபர்கள் முகமூடியோடு திரிவார்கள். கஞ்சன் வீட்டுக் கதவில் முட்டைக்கோஸ் வந்து மோதும். காலையில் ஒருவன் தன் வண்டியைத் தேடினால், சக்கரம் ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமும் கிடக்கும்.

நவம்பர் 11, மார்ட்டின் திருநாளை ஒட்டி ரத்தம் சிந்த வேண்டும். ஒரு சேவலையோ வாத்தையோ அறுத்து, ரத்தத்தை வாசற்படியிலும் வீட்டின் மூலைகளிலும் தெளிப்பார்கள். அன்று எந்தச் சக்கரமும் சுற்றக் கூடாது. ராட்டையும் வண்டியும் ஆலையும் நின்றுவிடும். டிசம்பர் 24 இரவு ஜன்னலில் மெழுகுவர்த்தி; பல வீடுகளில் கடைசிக் குழந்தைதான் அதை ஏற்றும். தங்க இடமின்றி அலைந்த மரியாளுக்கும் சூசைக்கும் அது வழிகாட்டும். அன்று ஒருசந்தி. உப்புக்கண்டம் போட்ட மீனும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு.

இரண்டு நாள் கழித்து, ஸ்டீபன் திருநாளில், பையன்கள் வேலிப் புதர்களை அடித்து ரென் என்ற குருவியைக் கொல்வார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பறவை. ஒளிந்திருந்த ஸ்டீபனைக் காட்டிக் கொடுத்தது அதுதான் என்று ஒரு கதை. ஐரிஷ் படை இரவில் எதிரியை நெருங்கியபோது, எதிரியின் முரசின் மேல் சிதறிக் கிடந்த ரொட்டித் துணுக்கைக் கொத்தி ஓசை எழுப்பி அவர்களை விழிக்க வைத்தது என்று இன்னொரு கதை. செத்த குருவியை ஹாலி மரக்கிளையில் கட்டி, வைக்கோல் உடையும் வைக்கோல் முகமூடியும் அணிந்து, ஆணுக்குப் பெண் வேஷமும் போட்டு, வீடு வீடாகப் போய்ப் பாடிக் காசு கேட்பார்கள். குருவியைப் புதைக்கப் பணம் வேண்டும் என்பது வேண்டுகோள். காசு தராத வீட்டின் வாசலில் அதைப் புதைத்துவிட்டால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் அதிர்ஷ்டம் இல்லை. பிச்சையும் மிரட்டலும் ஒன்றான இந்தச் சடங்கின் முடிவில், சேர்ந்த காசெல்லாம் ஒரு இரவு நடனத்துக்கும் குடிக்கும் போகும்.

ஜனவரி 6 பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க், கெர்ரி பகுதிகளில் அன்று ஆண்கள் வீட்டு வேலையைப் பார்க்க, பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்த் தேநீரும் கேக்குமாகப் பேசிக் கழிப்பார்கள். ஜனவரி 31 இரவு பிரிஜித் அந்த வழியாகப் போவாள் என்று வெளியே ஒரு துணியைப் போட்டு வைப்பார்கள். அவள் தொட்டுப் போன துணி தலைவலியைத் தீர்க்கும், பிரசவத்தில் உதவும். கோரைப் புல்லை அறுக்காமல் பிடுங்கி வந்து சிலுவை முடைந்து வாசல் மேல் செருகுவார்கள்.

பிப்ரவரியில் இன்னொன்று, எழுதுகிறவர்களாகிய நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. தவக்காலத்தில் கல்யாணம் செய்ய முடியாது. ஆகவே அதற்கு முந்திய செவ்வாய்க்குள் கிராமத்துத் திருமணங்கள் எல்லாம் நடந்தாக வேண்டும். நடக்காமல் எஞ்சியவர்கள் கேலிக்கு ஆளானார்கள். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று கோயிலுக்குப் போகும் பிரம்மச்சாரிகளின் முதுகில் சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பார்கள். கெர்ரிக் கரைக்கு அப்பால் கடலில் ஸ்கெல்லிக் என்ற பாறைத் தீவு. அதில் பழைய துறவி மடம். அங்கே தவக்காலம் தாமதமாகத் தொடங்குகிறது என்று ஒரு நம்பிக்கை. அதனால் கல்யாணமாகாத இன்னாரும் இன்னாரும் ஜோடியாக ஸ்கெல்லிக்குக் கப்பல் ஏறுகிறார்கள் என்று யாரோ ஒருவர் பெயர் போடாமல் செய்யுள் கட்டிவிடுவார். பொருந்தாத ஜோடிகளாகப் பார்த்துச் சேர்ப்பதில்தான் திறமை. இவற்றுக்கு ஸ்கெல்லிக் பட்டியல்கள் என்று பெயர்; அச்சாகியும் விற்றன. அதில் தன் பெயரைக் கேட்ட ஏழைப் பெண்ணொருத்தி அந்த இரவை எப்படிக் கழித்திருப்பாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. செய்யுள் கட்டியவன் மகிழ்ந்திருப்பான். எழுத்தின் குரூரம் அச்சு யந்திரம் கொண்டு வந்ததல்ல.

மே மாதத்துக்கு முந்திய இரவு பற்றிப் பேசினால் மலர் தொங்கவிட்ட முட்செடியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அன்று வீட்டிலிருந்து நெருப்போ பாலோ வெளியே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அந்த வருஷத்து வெண்ணெய் முழுவதும் வாங்கிப் போனவளோடு போய்விடும். விடியலில் பக்கத்து வயலின் பனியைத் துணியால் ஒற்றி எடுப்பவள், முயலாக மாறி அடுத்தவர் பசுவின் மடியில் பால் குடிப்பவள் என்று கதைகளில் வருகிறவள் பெரும்பாலும் தனியாக வாழும் கிழவி. இந்த நம்பிக்கைகளின் இன்னொரு கிளையில் மாயர்கள் மனுஷியைக் கவர்ந்து கொண்டு அவள் இடத்தில் வேறொன்றை வைத்துவிடுவார்கள். 1895 மார்ச்சில், டிப்பரரியில், 26 வயதான பிரிஜித் கிளியரியை அவள் கணவன் எரித்தான். எரித்தது தன் மனைவியை அல்ல, அவள் இடத்தில் வந்திருந்ததை என்றான். மூதாதையரின் உலகம் வேண்டும் என்றால் இதுவும் சேர்ந்துதான் வரும்.

ஜூன் 23 இரவு குன்றுகளில் நெருப்பு. கால்நடைகளைப் புகையின் ஊடே ஓட்டுவார்கள். எரிந்த கட்டைகளை வயலில் எறிவார்கள். பிறகு ஜூலை. வெளியார் பார்வைக்குக் கோடை. உள்ளே இருப்பவர்களுக்குப் பசி மாதம். பழைய உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது, புதியது விளையவில்லை. ஜூலை கடைசி ஞாயிறன்று இளைஞர்கள் மலை ஏறி, காட்டுப் பெர்ரி பறித்து, பாடி, ஆடி, துணை தேடித் திரும்புவார்கள். அதையொட்டித்தான் புதுக் கிழங்கைத் தோண்ட வேண்டும். முன்னாலேயே தோண்டிவிட்டால் குடித்தனம் பண்ணத் தெரியாதவன் என்ற அவப்பெயர். மலையேற்றத்தின் உற்சாகத்துக்குப் பின்னால் காலியான பாத்திரம் இருந்தது. இந்த விழாவின் சிதறிய தடயங்களை நாடு முழுவதிலுமிருந்து திரட்டி மாய்ரே மக்நீல் எழுதிய பெரிய ஆராய்ச்சி நூல் 1962-ல் வந்தது. பிரையன் ஃப்ரீலின் ‘டான்சிங் அட் லூனசா’ நாடகம் மேடையேறியது 1990-ல். அதன் கதை நடப்பது 1936-ல் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷத்துக்கு ஒரு முகாந்திரம் இருக்கிறது.

பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டால் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சாவு வீடு. வயதாகிச் செத்தவரின் உடலை வீட்டில் வைத்து இரவு முழுவதும் ஊர் விழித்திருக்கும். களிமண் குழாய்களில் புகையிலை நிரப்பி வைத்திருப்பார்கள், தட்டில் மூக்குப்பொடி, குடி. பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அந்த மரபில் வந்ததுதான் 1773-ல் கொல்லப்பட்ட ஆர்ட் ஓ லீரிக்காக அவன் மனைவி ஐலீன் டுவ் பாடிய புலம்பல்; வாய்வழியாகவே வாழ்ந்து பிறகு ஏட்டுக்கு வந்தது. ஒப்பாரி ஓய்ந்த இடைவெளியில் விளையாட்டு. வட்டமாக உட்கார்ந்து காலுக்கடியில் செருப்பைக் கடத்துவது, நடுவில் இருப்பவன் அதைக் கண்டுபிடிப்பது. விடுகதை, பலப்பரீட்சை, பொய் வழக்கு, பொய்க் கல்யாணம். பொய்க் கல்யாணத்தில் ஒருவன் பாதிரியாராக வேஷம் போட்டு ஜோடிகளைச் சேர்த்து வைப்பான். இளம் வயதுச் சாவிலும் துர்மரணத்திலும் விளையாட்டு கிடையாது. அந்த எல்லையை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

திருச்சபை இதைப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து திரும்பத் திரும்பத் தடை செய்தது. ஷான் ஓ சூலிவான் சாவு வீட்டு விளையாட்டுகளைப் பற்றி 1961-ல் ஐரிஷ் மொழியில் எழுதிய நூலில் இந்தத் தடைகள் ஒரு வரிசையாகவே வருகின்றன. அதே விஷயத்தை மூன்று நூறு வருஷம் தடை செய்ய வேண்டியிருந்தது என்றால் தடை பலிக்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்றும் இருக்கிறது: பழைய காலத்தில் இந்த விளையாட்டுகள் இருந்ததற்கு நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றில் பெரும் பங்கு, அவற்றை ஒழிக்க முயன்றவர்களின் கையெழுத்தில் இருக்கிறது.

இந்த முரண் இதோடு நிற்பதில்லை. 1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 82 லட்சம். 1851-ல் சுமார் 65 லட்சம். உருளைக்கிழங்கை அழுகல் நோய் தாக்கியது 1845-ல். அடுத்த ஆறேழு வருஷங்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். செத்தவர்களிலும் போனவர்களிலும் அதிகம் பேர், மேலே சொன்ன வழக்கங்களை மொழியோடும் உடம்போடும் சுமந்திருந்த கூலிகளும் குறுவிவசாயிகளும். ஆஸ்கார் வைல்டின் தகப்பனார் வில்லியம் வைல்டு 1852-ல் ஐரிஷ் நாட்டார் நம்பிக்கைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டு, பஞ்சம் அவற்றைத் துடைத்துக்கொண்டு போவதைப் பதிவு செய்தார். அவரேதான் 1851 கணக்கெடுப்புக்காகச் சாவுகளின் அட்டவணைகளைத் தொகுத்தவர். ஒரே மேஜையில் இரண்டு வேலை. ஒருபுறம் இறந்தவர்களின் எண்ணிக்கை, மறுபுறம் அவர்கள் எப்படி விளையாடினார்கள் என்ற குறிப்பு.

இனி 1935. இந்தக் கட்டுரையை எழுத வைத்த வருஷம் அதுதான்.

1925-லேயே ஆயர்கள் கூட்டறிக்கை விட்டு நடனத்தின் ஆபத்துகளைக் கோயில்தோறும் வாசிக்கச் செய்திருந்தார்கள். அந்நிய நடனங்களைக் கண்டித்த அந்த அறிக்கை, ஐரிஷ் நடனத்துக்கு ஒரு நற்சான்றும் தந்தது: அதை நெடுநேரம் ஆட முடியாது என்பதே அதன் சிறப்பு. 1932 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, லெய்ட்ரிம் மாவட்டத்தில் ஜிம்மி கிரால்டன் கட்டிய மன்றம் தீக்கிரையானது. அங்கே வகுப்புகளும் கூட்டங்களும் நடனமும் நடந்து வந்தன. அவர் கம்யூனிஸ்ட், நிலத் தகராறுகளில் ஏழைகள் பக்கம் நின்றவர், ஜாஸ் இசைத்தட்டுகளை அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தவர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தார் என்பதைச் சாக்காக வைத்து 1933-ல் அவரைப் பிறந்த மண்ணிலிருந்து நாடு கடத்தினார்கள். விசாரணை இல்லை. 1945-ல் நியூயார்க்கில் இறந்தார். 2016-ல் ஜனாதிபதி மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

1935-ல் பொது நடன மண்டபச் சட்டம் வந்தது. பொது நடனத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தின் உரிமம் வேண்டும். சட்டத்தின் வாசகம் வீட்டுக்குள் ஆடுவதைச் சுட்டுகிறதா என்பது வாதத்துக்குரியது. ஆனால் பங்குச் சாமியாரும் போலீஸ்காரரும் வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சமையலறையில் மேஜையை நகர்த்திவிட்டு ஆடும் வீட்டு நடனங்களுக்குள்ளும் நுழைந்தார்கள். கஷ்டத்தில் இருக்கும் அண்டை வீட்டாருக்காகக் காசு சேர்க்க அப்படிப்பட்ட இரவுகள் உதவின. அமெரிக்காவுக்குப் போகிறவனை, இனிப் பார்க்கப் போவதில்லை என்பதால், செத்தவனுக்கு விழித்திருப்பதைப் போலவே விழித்திருந்து வழியனுப்பிய இரவுகளும் உண்டு. கிளேர் பகுதி ஃபிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹன் (1908-1998), அந்தச் சட்டம் தங்கள் இசையின் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது என்ற பொருளில் கடைசிவரை பேசி வந்தார். இளைஞர்கள் சாமியாரின் மேற்பார்வையில் இருந்த மண்டபங்களுக்குப் போனார்கள். அங்கே நுழைவுக் கட்டணம், அதன்மேல் அரசாங்கத்தின் வரி.

அதே 1935-ல், அதே அரசாங்கம், ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்தது. இயக்குநர் ஷேமஸ் டெலார்கி. முன்பு சொன்ன ஷான் ஓ சூலிவான் அதன் ஆவணக் காப்பாளர். ஸ்வீடனில் உப்சலாவுக்குப் போய் வகைப்படுத்தும் முறையைக் கற்று வந்தவர். சேகரிப்பாளர்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள். எடிஃபோன் என்ற கனத்த யந்திரத்தில் மெழுகு உருளைகளில் பேச்சைப் பதிந்து, பிறகு சொல்லுக்குச் சொல் எழுதினார்கள். 1937-38-ல் ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பள்ளிகளின் குழந்தைகள், 50,000-க்கும் மேற்பட்டவர்கள், தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார்கள். பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்குட்பட்டவர்கள். ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். உலகத்தில் இப்படி ஒரு வீட்டுப்பாடம் வேறெங்கும் கொடுக்கப்பட்டதாக நான் அறியேன். ஆணையத்தின் சேகரம் 1971-ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போயிற்று. 2017-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. பள்ளிக் குழந்தைகளின் பக்கங்கள் இன்று இணையத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன.

ஒரு கையால் உயிரோடிருப்பதை நிறுத்திவிட்டு மறுகையால் அதன் நினைவைச் சேகரித்தார்கள் என்று எழுதிவிடலாம். எழுதியும் இருந்தேன். அடித்துவிட்டேன். அது பாதி உண்மைதான். சட்டம் செய்தவர்களும் சேகரித்தவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. டெலார்கியும் அவருடைய ஆட்களும் சொற்பச் சம்பளத்தில், மழையில், அரசாங்கத்தின் தாராளமின்மையோடு மல்லுக்கட்டி வேலை செய்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மேலே நான் வரிசைப்படுத்தியதில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்திராது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கைகளும் ஒத்துப்போகின்றன. இரண்டுக்குமே அந்த வழக்கம் முடிந்துபோன ஒன்று. மண்டபத்துச் சாமியாருக்கு அது முடிந்தாக வேண்டும். சேகரிப்பாளருக்கு அது முடிந்துகொண்டிருக்கிறது, ஆகவே அவசரம். நேற்று ராத்திரி சமையலறையில் ஆடிய பையன் இருவர் கணக்கிலும் வரவில்லை. ஒருவருக்கு அவன் குற்றவாளி. மற்றவருக்கு வயது போதாது.

மெழுகு உருளைகளின் கதையை இங்கே சொல்ல வேண்டும். உருளைகள் விலை அதிகம். பேச்சை எழுதி முடித்ததும் உருளையின் மேல்தளத்தைச் சீவி, வழவழப்பாக்கி, அடுத்த கதைக்காக மறுபடி அனுப்புவார்கள். சொல் ஏட்டில் நின்றது. குரல் சுருள் சுருளாக மெழுகுத் தூளாக உதிர்ந்தது. ஆயிரக்கணக்கான இரவுகளின் தொண்டை இப்படிப் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. காசு இல்லை, இன்னொரு கிழவர் அடுத்த கிராமத்தில் செத்துக்கொண்டிருக்கிறார். எதைக் காப்பாற்றுவது என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் இலக்கியக்காரன் செய்திருக்கக்கூடியதையே அவர்களும் செய்தார்கள்: எழுத்தை வைத்துக்கொண்டார்கள். முழுநேரச் சேகரிப்பாளர்கள் ஆண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சௌவின் முதல் பாட்ரிக் திருநாள் வரை இரவுகளில் ஆண்கள் சொன்ன நெடிய வீரக்கதைகள் நன்றாக விழுந்தன. ஜனவரி 6 அன்று பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பது அவ்வளவு விழவில்லை.

டெலார்கி 1945-ல் கேலிக் கதைசொல்லி பற்றி ஆற்றிய உரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவருக்குக் கதை சொன்னவர்களில் முதன்மையானவர் கெர்ரியில் கில்ரீலிக் என்ற சிற்றூரின் ஷான் ஓ கோனல். எழுத்தறியாதவர், ஆங்கிலம் அறியாதவர். ஒரே ஒருமுறை கில்லார்கலின் சந்தைக்கு ரயிலில் போய் நடந்தே திரும்பியதைத் தவிர ஊரை விட்டு வெளியே போகாதவர். அவர் கதைகள் 1948-ல் புத்தகமாயின. அந்த உரையில் டெலார்கி இன்னொன்றும் சொல்கிறார். கதைகளைக் கேட்க ஆள் இல்லாமல் போன காலத்தில், மறந்துவிடுமோ என்ற பயத்தில், ஒரு கிழவர் சந்தையிலிருந்து திரும்பும்போது தன் சாம்பல் நிறக் குதிரைக்குப் பின்னால் நடந்துகொண்டே, வண்டியின் பின்பலகையைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டு வருவாராம்.

இந்த வண்டிப் பலகையைத் தாண்டி என்னால் எளிதில் போக முடிவதில்லை. முன்னூறு பிரதி அச்சிட்டு நூறு பிரதியைச் சுற்றுக்கு விடும் நமக்கு அது பழகிய முகம்தான். ஆனால் நாம் அந்தக் கிழவரோடு நம்மைச் சேர்த்துக்கொண்டு கண்கலங்குவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அவர் பலகையிடம் சொன்னது, நாளைக்கு ஆள் கிடைத்தால் தடங்கலின்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காக. பலகையே தன் தகுதிக்கு ஏற்ற வாசகன் என்று அவர் நினைத்துக்கொள்ளவில்லை. கேட்பவர்கள் இல்லாததை அவர் தன் கதையின் உயர்வுக்குச் சான்றாக வைக்கவில்லை.

எது அசல் என்ற கேள்வியிலும் நான் முன்பு பிடிவாதமாக இருந்தேன். கேலி என்ற சொல்லுக்கு — நம் கேலி அல்ல, ஐரிஷ் கேலி — மாலையில் அண்டை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பது என்று பொருள். இன்று அது நடன நிகழ்ச்சியின் பெயர். அந்தப் பெயரில் முதல் நிகழ்ச்சி நடந்தது 1897-ல், லண்டனில், கேலிக் லீக்கின் கிளை ஒன்று நடத்தியது. அயர்லாந்துச் சமையலறைகளில் இரண்டு தலைமுறையாக ஆடிய ‘செட்’ நடனங்களை, பிரெஞ்சு குவாட்ரில்லிலிருந்து வந்தவை என்று லீக்காரர்கள் ஒதுக்கினார்கள். கிராமத்தான் ஆடியது அந்நியம். லண்டனில் ஏற்பாடானது தேசியம். ஆனால் அடுத்த தலைமுறையில் அந்த லண்டன் நடனத்தில்தான் பலர் காதலித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்கு அது பாட்டி காலத்து வழக்கம். பிரிஜித்தின் கோரைச் சிலுவை 1961 டிசம்பர் 31-ல் தொடங்கிய தேசியத் தொலைக்காட்சியின் சின்னமாயிற்று. 2023 முதல் அவள் திருநாளை ஒட்டி நாடு முழுவதும் விடுமுறை. டிங்கிளில் டிசம்பர் 26 அன்று இன்றும் வைக்கோல் மனிதர்கள் தெருவில் போகிறார்கள். கிளையில் இருப்பது பொம்மைக் குருவி. கொல்லாமலே நடக்கிறது. இது குறைந்துபோனது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்றுதான் இப்போது படுகிறது. குருவிக்கும் ஒரு கட்சி உண்டு.

முன்னோரின் பொழுதுபோக்கு என்று நாம் மெச்சுகிறவற்றில் பசியும் பயமும் கிண்டலும் இருந்தன. அவற்றைக் கழித்துவிட்டு மீதியைப் பண்பாடு என்று ஏந்திக்கொள்வது ஆயர்களின் அறிக்கையை வேறு வார்த்தையில் எழுதுவதுதான். டி வலேராவின் உரையில் கணப்பைச் சுற்றி முதியோர் விவேகம் பேசுகிறார்கள். அதே கணப்பின் அருகே, பாடையில் கிடத்திய பிணத்துக்கு முன்னால், காலுக்கடியில் செருப்பைக் கடத்தி, ஒருவன் பாதிரியாராக நடித்து, சிரித்துப் புரண்டதும் அதே முதியோர்தான். அந்த உரையில் நடனம் இல்லாததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம். அவர் மறந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நடனம் இருந்தால் உடம்பு இருக்கும். உடம்பு இருந்தால் உரிமம் கேட்க வேண்டியிருக்கும். இது என் ஊகம். உரையில் இல்லாததைப் பற்றி ஒருமுறை தப்பாகப் பேசியவன் என்பதால் ஊகம் என்றே குறிக்கிறேன்.

பள்ளிக் குழந்தைகளின் நோட்டுப் பக்கங்களை இரவில் திரையில் புரட்டும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கையெழுத்து கோணலாக இருக்கும். பல பக்கங்களின் அடியில், எழுதியவரின் பெயர், சொன்னவரின் பெயர், வயது, ஊர். 1938-ல் எண்பது வயது என்றால் பஞ்சத்துக்குப் பிறகு பிறந்தவர். அவருக்குச் சொன்னவர் பஞ்சத்தைத் தாண்டியவர். குழந்தை இதையெல்லாம் கணக்குப் பார்த்திருக்காது. மறுநாள் வாத்தியாரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கேட்டதைக் கேட்டவரிடமிருந்து எழுதி, யார் சொன்னது என்று அடியில் குறித்திருக்கிறது. அன்று மாலை நண்பர் என்னிடம் கேட்டதும் இதைத்தான். பன்னிரண்டு வயதுப் பெண் செய்ததை நான் செய்யவில்லை.

அவருக்குக் கடிதம் எழுதினேன். உரையில் நடனம் இல்லை, நீங்கள் கேட்டது சரி என்று. பதில் ஒரு கார்டில் வந்தது. நடனம் நடந்ததா இல்லையா என்று கேட்டிருந்தார். நடந்தது. நாற்சந்திகளிலும் பாலங்களின் மேலும் சமையலறைகளிலும் நடந்தது. 1935-க்குப் பிறகும், கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது.